பாட்டுக் கழுதையின் இடது பின்னங்கால்

ஜூலை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை. டாக்டர் லோகநாயகி ஓர் எருமையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு, தொண்டையில் சிக்கியிருந்த மாங்கொட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது தபால்காரர் வந்து, "அரசாங்கத் தபாலு, கையெழுத்து வேணும்" என்றார்.

"கை உள்ள இருக்கு. கொஞ்சம் நில்லுங்க."

மாங்கொட்டை வந்தது. எருமை ஒரு முறை இருமி, அவள் சேலையில் பாதியை நனைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அசைபோடத் தொடங்கியது. லோகநாயகி கையைக் கழுவிவிட்டு உறையைப் பிரித்தாள்.

காட்சி அனுமதிப் பிரிவிலிருந்து வந்த கடிதம். குற்றாலம் சீசன் கலைவிழாவில் இசை நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டிருக்கும் விலங்குகளை நேரில் பரிசோதித்து, அவை மேடையேறத் தகுதியானவைதாமா என்று சான்று தர வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே பட்டியல். கழுதை ஒன்று, பாடகர். ஆடு ஒன்று, பிடில். பன்றி இரண்டு, பியானோ. தவளை ஆறு, மேளம். வாத்து எட்டு, நடனம். பூனை ஒன்று, கண்டக்டர். மொத்தம் பத்தொன்பது. உரிமையாளர் பெயர் மைதீன், தென்காசி. விலங்குகள் தற்போது வைக்கப்பட்டுள்ள இடம் என்ற கட்டத்தில், "தகர டப்பா ஒன்று" என்று இருந்தது.

லோகநாயகி அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். கழுதையையும் இரண்டு பன்றிகளையும் எந்த அளவு டப்பாவில் அடைக்க முடியும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் மனிதர்களால் முடியாதது ஒன்றுமில்லை என்பதை இருபது வருட வேலையில் பார்த்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் அட்டைக்குள் ஆறு கோழிகளும் ஒரு வான்கோழியும் திருவேங்கடத்திலிருந்து பஸ்ஸில் வந்ததை அவளே இறக்கியிருக்கிறாள். வலை, கயிறு, கையுறை, குளுக்கோஸ் பாட்டில் எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

அவ்வளவு வேகமாகப் போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. இரண்டு சீசனுக்கு முன்னால், சவாரிக்காகக் குற்றாலத்துக்கு ஓர் ஒட்டகத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தபோது யாரோ தாளை நீட்டினார்கள். இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு வலது கையால் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். நாலாவது நாள் அந்த ஒட்டகம் ஐந்தருவிச் சாலையின் நடுவில் உட்கார்ந்தது. எழுந்திருக்கவே இல்லை. நாலு பாதத்திலும் புண். அவள் போட்ட கையெழுத்துக்கு மேலே, "நேரில் பரிசோதித்தேன்" என்று அச்சடித்திருந்தது.

மைதீன் வீடு பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி ஹஃப்சா.

"டப்பா எங்க?" என்றாள் லோகநாயகி, செருப்பைக் கூடக் கழற்றாமல்.

"எந்த டப்பா? முறுக்கு டப்பாவா?"

"கழுதைய அடைச்சு வச்சிருக்கிய இல்ல, அந்த டப்பா."

ஹஃப்சா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்து, "ஏங்க! உங்க கழுதையத் தேடி ஆளு வந்திருக்கு" என்றார்.

மைதீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சவூதியில் தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சும்மா உட்காரத் தெரியாதவர். புளியறை செக்போஸ்ட் பக்கம் அச்சு முறிந்து நின்ற பழைய சாமான் லாரி ஒன்றில் ஒரு புரொஜக்டரைப் பார்த்து, அதற்குள் இருக்கும் மோட்டாருக்காக அதை வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரு தகர டப்பாவையும் லாரிக்காரர் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த டப்பாவைத்தான் இப்போது இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தட்டு அளவுதான் இருந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாசம் அடித்தது. உள்ளே ஒரு பிலிம் சுருள்.

"இதுல எங்க கழுதை?"

"உள்ளதான் இருக்கு டாக்டரம்மா. ஓட்டுனா வெளிய வரும்."

வெளிநாட்டில் யாரோ எடுத்த கார்ட்டூன் படம், கறுப்பு வெள்ளை, பாட்டும் கூத்துமாக ஏழு நிமிஷம், ஆண்டு 1934 என்று மட்டும் போட்டிருக்கிறது, பெயர் அழிந்துபோய்விட்டது என்று அவர் விளக்கினார். ஓட்டிப் பார்த்தபோது வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கலைவிழாவில் காட்டலாமே என்று விண்ணப்பம் போட்டிருக்கிறார். விண்ணப்பத்தில், நிகழ்ச்சியில் விலங்குகள் பங்கேற்கின்றனவா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது.

"ஆம்னு எழுதிட்டியளா?"

"பின்ன? பாடுதது கழுதைதான? பொய்யா எழுத முடியும்?"

லோகநாயகி ஸ்கூட்டரிலிருந்து வலையை அவிழ்த்துக் கீழே போட்டாள். சிரிப்பு வந்தது. அங்கேயே நின்றபடி காட்சி அனுமதிப் பிரிவின் கண்காணிப்பாளர் நல்லக்கண்ணுவுக்குப் போன் செய்தாள்.

"சார், இது கார்ட்டூன்."

"தெரியும் மேடம்" என்றார் நல்லக்கண்ணு. தொண்டை கட்டியது போன்ற மெல்லிய குரல். "ஆனா பாய் ஆம்னு எழுதிட்டாரே."

"அதை அடிச்சுட்டு இல்லைன்னு எழுதச் சொல்லுதேன்."

"அடித்தல் திருத்தல் செல்லாது மேடம். புதுசா போடக் கடைசித் தேதி முடிஞ்சிட்டு. போன வருசம் ஒரு நாடகத்துல கிளி ஒண்ண சொல்லாமக் கொள்ளாம மேடைல ஏத்திட்டாங்க. எனக்குத்தான் மெமோ வந்துச்சு. ஒத்தைக் கிளிக்கு மூணு மாசம் பதில் எழுதுனேன். இது பத்தொன்பது."

"படத்துல இருக்கதுக்கு உயிரு கிடையாதே சார்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "உயிர் இல்லைன்னா இறப்புச் சான்று வேணும் மேடம். எப்போ செத்துச்சு, எதனால, எங்கன புதைச்சாங்க. தலைக்கு ஒரு பிரேதப் பரிசோதனை."

"வேண்டாம் சார். உயிரோடயே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. பேனாவைத் திறந்தவள், "நேரில் பரிசோதித்தேன்" என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"பாய், படத்தைக் கொஞ்சம் ஓட்டுதியளா? பாக்காமப் போட மாட்டேன்."

ஹஃப்சா ஜன்னலில் போர்வையைக் கட்டினார். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

ஒரு மேடை. திரை விலகியது. வெள்ளைக் கையுறை போட்ட பூனை ஒன்று வந்து குச்சியால் தட்டியது. கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் இல்லை, வாத்தியக் கோஷ்டியை நடத்துகிறவர் என்பது லோகநாயகிக்கு அப்போதுதான் விளங்கியது. ஆடு தன் தாடியையே வில்லாக்கி பிடில் வாசித்தது. பன்றிகள் இரண்டும் ஒரே ஸ்டூலில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பியானோவை அடித்தன. அடிக்கிற அடிக்குப் பியானோவே பல்லைக் காட்டிச் சிரித்தது. தவளைகள் ஒன்றின் வயிற்றில் ஒன்று தாளம் போட்டன. வாத்துகள் வரிசையாக வந்து, ஒன்றின் வால் மற்றதின் அலகில் இருக்க, ரயில்வண்டி போல ஆடின. நடுவில், கோட்டும் வில் டையும் போட்ட கழுதை. வாயைத் திறந்ததும் கிணற்றுக்கு உள்ளேயிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. என்ன மொழி என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அடிவயிற்றில் போய் உட்காரும் குரல்.

ஐந்தரை நிமிஷம் ஓடியதும் படம் டக்கென்று நின்றது.

"மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார் மைதீன். "பூஞ்சை. இவதான் தினமும் ஒரு சாண் ஒரு சாணா பிரிச்சு எடுக்கா."

"இட்லிச் சட்டி ஆவி காட்டி, பஞ்ச வச்சு ஒத்தணும்" என்றார் ஹஃப்சா. "அவசரப்பட்டா தோலோட வந்திரும்."

லோகநாயகி எழுதத் தொடங்கினாள். பூனை, தகுதி. ஆடு, தகுதி. பன்றிகளுக்குக் கொஞ்சம் எடை அதிகம், ஆனாலும் தகுதி. தவளைகள், வாத்துகள், தகுதி. கழுதை, வயது தொண்ணூறுக்கு மேல். அடுத்த கட்டம் "நடை" என்று இருந்தது. அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க."

இரண்டாவது தடவை அவள் கழுதையை மட்டும் பார்த்தாள். மூன்றாவது தடவை கழுதையின் காலை மட்டும் பார்த்தாள். நாலாவது தடவை நாற்காலியை விட்டு எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாய், இங்கன வந்து பாருங்க. இடது பின்னங்கால். நுனி மட்டும்தான் தரையில படுது."

"ஆமா."

"படம் முழுக்க அப்படித்தான். முழுசா ஒரு தடவை கூட ஊனல. மத்த பதினெட்டும் குதிக்கு, உருளுது, பறக்கு. இது மட்டும் நின்ன எடத்துலயே நிக்கி. தவளை ஓங்கி அடிக்கும்போதெல்லாம் காது பின்னால போகுது பாத்தியளா? வலி. குளம்புக்குள்ள சீழ் கோத்திருக்கு."

மைதீன் சுவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "வரைஞ்சவன் அப்படி வரைஞ்சிருக்கான் டாக்டரம்மா."

"பதினெட்ட ஒழுங்கா வரையத் தெரிஞ்சவனுக்கு இத மட்டும் வரையத் தெரியாமப் போச்சா?"

மைதீன் சுவருக்கு இன்னும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். ஹஃப்சாதான் பேசினார். "எனக்கு அன்னைக்கே தோணுச்சு. அது மொகமே சரியில்ல. நான் சொன்னா இவ்வோ கேக்காண்டாமா?"

இன்னும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு லோகநாயகி எழுதினாள். பதினெட்டு விலங்குகள் தகுதி. கழுதை, இடது பின்னங்குளம்பில் சீழ்க்கட்டி இருக்கலாம் என்ற ஐயம், மேடையேறத் தகுதியில்லை, ஓய்வு தேவை. கையெழுத்தும் முத்திரையும் வைத்தாள். வீட்டுக்குப் போகிற வழியில், தான் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பாடு ருசியாக இருந்தது.

நல்லக்கண்ணு சான்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இப்படி விவரமாக யாருமே எழுதித் தந்ததில்லை என்று மைதீனிடம் போனில் சொன்னார். விதிப்படி தகுதியான பதினெட்டும் மேடை ஏறலாம். தகுதியில்லாத கழுதை பார்வையாளர் கண்ணில் படக்கூடாது.

"அது பாடுமே சார்" என்றார் மைதீன்.

"பாடலாம் பாய். குரலுக்கு விதி ஒண்ணும் இல்ல. ஆளுதான் தெரியக்கூடாது."

விஷயம் எப்படியோ வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது. "குற்றாலத்தில் பாடும் கழுதைக்கு மேடை மறுப்பு" என்று ஒருவர் போட்டார். இன்னொருவர் அதில் அரசியல் இருப்பதாகச் சந்தேகப்பட்டார். விழாக் குழுவிலிருந்து ஒருவர் லோகநாயகியைக் கூப்பிட்டு, "ஒரு படத்துல உள்ள கழுதைக்காக இவ்வளவா மேடம்? ஒரு வார்த்தைய மாத்திப் போடுங்க" என்றார். "மாத்த மாட்டேன்" என்றாள் அவள். ராயகிரியிலிருந்து ஒரு விவசாயி ஒரு பாட்டில் வேப்பெண்ணெயோடு வந்து, கழுதைக்குத் தடவச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்தக் கழுதை, எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் லோகநாயகி அதை மைதீன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹஃப்சா அதைத் தகர டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மைதீன் மூன்று நாள் யோசித்தார். பிலிமில் ஒவ்வொரு படமாகக் கழுதை மேல் மை பூசலாம் என்று ஒருவர் சொன்னார். தொண்ணூறு வருஷத்துப் பொருளில் மையைத் தொட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கடைசியில் மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, விளக்குமாற்றுக் குச்சியில் செருகினார். புரொஜக்டரின் வெளிச்சத்துக்கு முன்னால் அந்த வட்டத்தைப் பிடித்தால் சுவரில் கழுதை இருக்கிற இடம் கறுப்பாகிவிடும். கழுதை நகர்ந்தால் குச்சியையும் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். பிடிக்கிற வேலையை ஹஃப்சா ஏற்றுக்கொண்டார்.

காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. ஐந்தருவிச் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். வெளியே சாரல். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டைத் தலையில் போட்டபடி ஜனம் நேராக மண்டபத்துக்குள் வந்தது. தரை முழுக்கத் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும். முன்வரிசையில் நல்லக்கண்ணு, மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். காதில் பஞ்சு வைத்திருந்தார். லோகநாயகியைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டு, பக்கத்து நாற்காலியைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

"கழுதை இப்போ எப்படி இருக்கு மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் கேலி செய்யவில்லை. லோகநாயகி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓய்வுல இருக்கு சார். பன்னெண்டு நாளா படத்தை ஓட்டவே இல்ல" என்றாள்.

அன்று காலையில்தான் ஹஃப்சா பிலிமின் கடைசிச் சாணைப் பிரித்து முடித்திருந்தார். அதைச் சேர்த்து ஒட்டி, ஓட்டிப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். முடிவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கதவுகளை அடைத்தார்கள். பூனை குச்சியால் தட்டியது. ஜனம் கைதட்டியது. பன்றிகள் வந்தன. ஹஃப்சா குச்சியை உயர்த்தினார். பதற்றத்தில் வட்டம் பன்றிகள் மேல் போய் உட்கார்ந்தது. கழுதை, கோட்டும் டையுமாக, பட்டப்பகலாகத் தெரிந்தது.

நல்லக்கண்ணு துள்ளி எழுந்தார். "நிறுத்துங்க! தகுதியில்லாதது தெரியுது! தகுதியானது மறையுது!"

ஹஃப்சா வட்டத்தை இடது பக்கம் கொண்டுபோனார். ஆடு மறைந்தது. வலது பக்கம் கொண்டுவந்தார். பூனைக்குத் தலை போயிற்று. கூட்டம் சிரித்தது. "ஏட்டி, இங்கிட்டு! இங்கிட்டு!" என்று மைதீன் கத்தினார். "எனக்கு எது எங்கன வருதுன்னு தெரியலியே!" என்று ஹஃப்சா அழாத குறையாகச் சொன்னார்.

லோகநாயகி எழுந்து போய் அவர் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டாள். அந்தக் கழுதை எப்போது தலையைச் சாய்க்கும், எப்போது அரையடி முன்னால் நொண்டும், எந்தத் தாளத்துக்குக் காதைப் பின்னால் இழுக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். மைதீன் படத்தை முதலிலிருந்து ஓட்டினார்.

இந்தத் தடவை கழுதையின் ஒரு மயிர் கூட வெளியே தெரியவில்லை. பூனைக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் நின்றது. அது மெதுவாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, அரையடி நகர்ந்தது. அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரும் வாத்துகளை விட்டுவிட்டு அந்த இருட்டையே பார்த்தார்கள்.

"ஏலே, அதுக்குள்ள யாருலே பாடுதா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"யாரோ பெரிய ஆளு. மொகத்தக் காட்ட மாட்டாங்களாம்."

பாட்டின் ஒவ்வொரு அடி முடியும்போதும் ஜனம் அந்தக் கறுப்பு வட்டத்துக்குக் கைதட்டியது. லோகநாயகிக்குத் தோள்பட்டை கடுத்தது. இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். தான்தான் மேடையில் நிற்பதுபோல அவளுக்கு வியர்த்தது.

ஐந்தரை நிமிஷம் முடிந்தது. ஒட்டுப்போட்ட இடம் புரொஜக்டருக்குள் கடகடவென்று ஏறி இறங்கியது. அதற்கு அப்பால் அவளுக்கு எதுவும் தெரியாது. வட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் ஓரத்தில் முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு வில் டை. பிறகு முழுக் கழுதையும், இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்க நொண்டி நொண்டி வெளியே வந்தது.

பாட்டு நின்றுவிட்டது. படத்தில்தான்; புரொஜக்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பூனை குச்சியைக் கீழே வைத்தது. பன்றிகள் ஸ்டூலை விட்டு இறங்கி, அதைக் கழுதைக்குப் பின்னால் தள்ளின. கழுதை உட்கார்ந்தது. தவளைகள் ஆறும் ஒரு மேளத்தைக் கவிழ்த்துப் பாத்திரமாக்கி, ஒரு பெரிய கெண்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து அதில் ஊற்றின. வளைந்து வளைந்து ஆவி எழுந்தது.

"வெந்நீர்" என்றாள் லோகநாயகி. சத்தமாகவே சொல்லிவிட்டாள். "வெந்நீர்லதான் வைக்கணும்."

கழுதை காலை உள்ளே வைத்தது. ஆடு பிடிலை ஓரமாகச் சாத்திவிட்டு மண்டியிட்டு, குளம்பைத் திருப்பிப் பார்த்து, பல்லால் எதையோ பிடுங்கியது. ஓர் ஆணி. அவ்வளவு பெரிய ஆணி எந்தக் குளம்புக்குள்ளும் இருக்க முடியாது; அது கார்ட்டூன் ஆணி. கழுதையின் இரண்டு காதும் மெதுவாக முன்னால் வந்தன. அது கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தது. மிகத் தாழ்வான, நீளமான ஒரு சுரம். வாத்துகள் எட்டும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. திரை மூடியது. பிலிம் வால் சக்கரத்தில் அடித்துக்கொண்டு சுற்றியது.

பிறகு யாரோ ஒரு பெண், "நல்லாருக்கட்டும்" என்றார். அதன் பிறகுதான் கைதட்டல்.

லோகநாயகி இன்னமும் குச்சியைத் தூக்கிப் பிடித்திருந்தாள், எதையும் மறைக்காமல். ஹஃப்சா வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குச்சியை வாங்கினார். "சொன்னிய இல்ல. அது காலுதான்" என்றார்.

மைதீன் புரொஜக்டரை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வரைஞ்சவனுக்கும் தெரிஞ்சிருக்கு டாக்டரம்மா."

"சீழ்னு எழுதிட்டேன் பாய். ஆணி" என்றாள் அவள். "ஆணியால சீழ் வச்சிருக்கும். ரெண்டும் ஒண்ணுதான்." அந்தக் காலத்தில், எங்கோ ஒரு நாட்டில், ஒருவன் மேசையில் குனிந்து உட்கார்ந்து ஒரு கழுதைக்கு ஆயிரக்கணக்கான தடவை வலிக்கிற மாதிரி வரைந்திருக்கிறான். கடைசி வரைக்கும் யாரும் கவனிக்காமல்கூடப் போயிருக்கலாம். அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்போல அவளுக்கு இருந்தது.

அதற்குள் ஜனம் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கத்தியது. எல்லோரும் நல்லக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"தகுதியில்லாத விலங்கு மேடையில தெரிஞ்சிட்டே சார்" என்றார் மைதீன், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

நல்லக்கண்ணு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. "தெரிஞ்சுது. ஆனா அப்போ அது நிகழ்ச்சி நடத்தல பாய். வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. வைத்தியம் பாக்கும்போது விலங்கைப் பொதுமக்கள் பாக்கக்கூடாதுன்னு எங்கயும் விதி இல்ல." பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். "பாட்டு முடியுத வரைக்கும் மறைங்க. வெந்நீர் வந்ததும் எடுத்திருங்க. எத்தனை தடவை வேணும்னாலும் போடுங்க."

"கடைசியில ஒரு சுரம் பாடுதே சார், அதுக்கு?"

நல்லக்கண்ணு யோசித்தார். "அது பாட்டு இல்ல. முனகல்."

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று தடவை படம் ஓடியது. மூன்று தடவையும் லோகநாயகிதான் குச்சி பிடித்தாள். கடைசித் தடவையில், வட்டத்தை எப்போது எடுப்பாள் என்று தெரிந்துவைத்திருந்த ஜனம், அவள் குச்சியைக் கீழே இறக்கிய நொடியில் கழுதையை எழுந்து நின்று வரவேற்றது.

பத்து நாள் கழித்துக் காட்சி அனுமதிப் பிரிவிலிருந்து மறுபடியும் தபால் வந்தது. தணிக்கையில் ஒரு குறிப்பு எழுந்திருப்பதாகவும், தன்னால் அதைத் தவிர்க்க முடியவில்லை என்றும் நல்லக்கண்ணு கையால் ஒரு வரி எழுதியிருந்தார். கேள்வி இதுதான்: மேற்படி கழுதைக்குச் சிகிச்சை அளித்த தவளைகள் ஆறும் ஆடு ஒன்றும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களா? இல்லையெனில், அவை யாருடைய மேற்பார்வையில் சிகிச்சை அளித்தன?

லோகநாயகி கேள்வியை இரண்டு தடவை படித்தாள். கேட்டதில் தப்பில்லை என்றே அவளுக்குத் தோன்றியது. பதில் எழுதும் இடத்தில், "என் மேற்பார்வையில்" என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, "வெந்நீரின் சூடு சரியாக இருந்தது. ஆணி முழுமையாக அகற்றப்பட்டது. பத்து நாள் கழித்துப் பார்த்தேன், காலை நன்றாக ஊன்றுகிறது" என்று சேர்த்தாள்.

கடைசி வாக்கியம் உண்மையா என்று ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு போனை எடுத்து, "பாய், வீட்டுலதான் இருக்கியளா? ஒரு தடவை ஓட்டிக் காட்டணும். பாக்காமக் கையெழுத்துப் போட முடியாது" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.